ஜாம்பி திரைக்கதை எங்கே பழுதாகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

வேலூர் வட்டாரத்தில் குறும்படம் எடுப்பவர்களிடம் ஒரு ஜாம்பி கதையாவது கட்டாயம் இருக்கும். காட்பாடிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள், ராணிப்பேட்டையில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தூக்குபவர்கள், ஆம்பூரில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் எனப் பலரும் பிரதியைக் கொண்டுவந்து தருகிறார்கள். "எங்கோ உதைக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை" என்பார்கள். படித்துப் பார்த்தால் போன பிரதியில் உதைத்த அதே இடம்தான். அவற்றைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் சேர்ந்த குறிப்பு இது.

ஜாம்பி எதன் குறியீடு என்ற ஆராய்ச்சி இதில் கிடையாது. உங்கள் பிரதியில் தெரியும் அறிகுறியைத் தேடிப் பிடியுங்கள். அதன் கீழே உள்ளதை வரிசையாகச் செய்து பாருங்கள். வண்டி நின்றுபோனால் என்ஜினைப் பிரிப்பதற்கு முன்பு பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்போம் அல்லவா, அந்த ஒழுங்கில்தான் எழுதியிருக்கிறேன். பேனாவால் அடித்தாலே தீரும் காரணம் முதலில் வரும். பணத்தையும் நாளையும் தின்பது கடைசியில் வரும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பிணங்களுக்காக யோசித்த நேரத்தில் பாதியைக்கூட உயிரோடு இருப்பவர்களுக்காக எழுதுபவர் செலவழிக்கவில்லை என்பதே முக்கால்வாசிப் பழுதுகளுக்கு வேர்.

உதாரணத்துக்கு ஒரே கதையை வைத்துக்கொள்வோம். பெரிய மருத்துவமனைக்கு அருகே ஒரு லாட்ஜ். நவம்பர் மாத இரவு. வெளியே தொற்று பரவுகிறது. உள்ளே லாட்ஜ் மேலாளர், பணி முடித்துவிட்டுத் தங்கையைப் பார்க்க வந்த செவிலியர், கணவரின் சிகிச்சைக்காகக் கொல்கத்தாவிலிருந்து வந்திருக்கும் வங்காள மூதாட்டி, அவருடைய பேரன், ஓர் ஆட்டோ ஓட்டுநர், தோல் தொழிற்சாலை முதலாளி, முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்க வந்த தெருக்கூத்துக் கலைஞர். விடிவதற்குள் இவர்கள் பாலாற்றைத் தாண்டிக் காட்பாடி ரயில் நிலையத்தை அடைய வேண்டும்.

அறிகுறி: முதல் இருபது நிமிடத்தில் பார்வையாளர் கைப்பேசியை எடுக்கிறார்

முதலில் ஆய்வகக் காட்சி இருக்கிறதா என்று பாருங்கள். பச்சைத் திரவம், வெள்ளை அங்கி, கை தவறி உடையும் குப்பி. இருந்தால் கிழித்துப் போடுங்கள். தொற்று எங்கே பிறந்தது என்று லாட்ஜில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியாததைப் பார்வையாளருக்கு முன்பே சொல்லிவிட்டால், மீதிக் கதையில் கதாபாத்திரங்கள் தேடித் திரிவதை அவர் கொட்டாவியோடுதான் பார்ப்பார்.

கிழித்த பிறகும் தூக்கம் வருகிறதா? முதல் அடையாளம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். பத்தாம் பக்கத்துக்குள் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட வேண்டும். அதற்கு ரத்தம் தேவையில்லை. மருத்துவமனைச் சாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் யாருக்கும் புதிதல்ல. லாட்ஜில் இருப்பவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. ஒரு கட்டத்தில் அந்தச் சத்தம் அடியோடு நின்றுவிட்டால்? மேலாளர் மட்டும் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறார். செலவில்லாத காட்சி.

இதிலும் தீராவிட்டால் பழுது ஆழத்தில் இருக்கிறது: கடி விழுவதற்கு முன்பு இவர்களுக்குள் வழக்கு எதுவும் இல்லை. சோதனை எளிது. ஜாம்பி, கடி, ரத்தம் ஆகிய மூன்றையும் அடித்துவிட்டு முதல் 15 பக்கங்களைப் படியுங்கள். அப்போதும் யாராவது யாரிடமாவது எதையாவது கேட்டு, அது மறுக்கப்படுகிறதா? லாட்ஜ் கதையில் மூதாட்டி மூன்று நாள் வாடகை பாக்கி. மேலாளர் அறையைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார். முதலாளி, பழைய வேலைக்காரரான ஆட்டோ ஓட்டுநரை அடையாளம் தெரியாததுபோல் நடந்துகொள்கிறார். இப்படி இரண்டு வழக்குகள் போதும். கதவை மூடிய பிறகு அவை தாமாகவே கொதிக்கும்.

1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் அச்சு. ஒரு பண்ணை வீட்டில் ஏழு பேர். தரைக்குக் கீழே உள்ள அறையில் பதுங்குவதா, மேலே நின்று சன்னல்களுக்குப் பலகை அடிப்பதா என்று இரண்டு ஆண்கள் போடும் சண்டைதான் படத்தின் முதுகெலும்பு. வெளியே நிற்கும் பிணங்கள் அந்தச் சண்டைக்குக் கெடு விதிக்கின்றன.

வழக்கை உருவாக்க முதல் பகுதியை மறுபடி எழுத வேண்டியிருக்கும். வெளியாளைக் கூப்பிட வேண்டாம். இது எழுதியவரே செய்ய வேண்டிய வேலை.

அறிகுறி: யார் செத்தாலும் வருத்தம் வரவில்லை

அதிகம் வரும் பழுது இதுதான், ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

வசனங்களுக்கு முன்னால் உள்ள பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு நண்பர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். யார் பேசுகிறார் என்று அவரால் சொல்ல முடியவில்லை என்றால் வசனத்தில் கை வைக்க வேண்டும். "நாம் இங்கிருந்து போய்விட வேண்டும்" என்ற வரியை ஏழு பேரும் பேசும் பிரதிகள் வருகின்றன. அந்த வரியை ஒருவருக்குக்கூடக் கொடுக்காதீர்கள். மேலாளர் என்றால் சாவிகளை எண்ணுவார். ஆட்டோக்காரர் டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யோசிப்பார். செவிலியர் யாருடைய கையில் காயம் இருக்கிறது என்று கண்ணாலேயே துழாவுவார்.

அடுத்து வேலைப் பங்கீடு. இந்த வகைக் கதைக்குச் சில இருக்கைகள் உண்டு: முடிவெடுப்பவர், அவரை எதிர்ப்பவர், விஷயம் தெரிந்தவர், பிறர் சுமக்க வேண்டியவர், கடிபட்டதை மறைப்பவர், தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்பவர், பார்வையாளரின் வாயாக நின்று பேசுபவர். ஒருவரே இரண்டு இருக்கைகளில் உட்காரலாம். ஒரே இருக்கையில் இருவர் உட்கார்ந்தால் ஒருவரை எழுப்பி அனுப்பிவிடுங்கள். ஒரு பிரதியில் டாக்டர், மருத்துவ மாணவர், மருந்துக்கடைக்காரர் என்று விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் மாறி மாறி வைரஸைப் பற்றி விளக்கினார்கள். மருந்துக்கடைக்காரரை மட்டும் வைத்துக்கொண்டதும் பிரதி மெலிந்து நடக்கத் தொடங்கியது.

முடிவெடுப்பவர் நாற்காலியில் போலீஸ் அதிகாரியை உட்கார வைப்பது நம் பழக்கம். துப்பாக்கி இருக்கிறது, மிடுக்கு இருக்கிறது, கதைக்கு என்ன பயன்? அதிகாரம் ஒரு பொருளிலிருந்து வரட்டும். லாட்ஜ் மேலாளரிடம் எல்லா அறைச் சாவிகளும் இருக்கின்றன. எந்த அறையில் யார், எந்த ஊர், என்ன நோய் என்ற பேரேடு இருக்கிறது, அடையாள அட்டை நகல்கள் இருக்கின்றன. சாவிக்கொத்து அவர் கையிலிருந்து நழுவும் நொடியில் தலைமை இன்னொருவருக்குப் போகிறது. அதற்கு வசனமே வேண்டியதில்லை.

தன்னலக்காரரைத் தொடக்கத்திலிருந்தே வில்லனாக்கினால் அவர் சாகும் நிமிடத்தைப் பார்வையாளர் எழுதியே கொடுத்துவிடுவார். அவர் சொல்வது ஒரு முறையாவது சரியாக இருக்க வேண்டும். "கதவைத் திறக்காதீர்கள்" என்று முதலாளி கத்துகிறார். எல்லோரும் அவரைத் திட்டிவிட்டுத் திறக்கிறார்கள். அதனால் ஒரு உயிர் போகிறது. அடுத்த முறை அவர் அதே வார்த்தையைச் சொல்லும்போது யாருக்கும் எதிர்த்துப் பேச வாய் வராது. அப்போதுதான் அவர் ஆபத்தானவர் ஆகிறார்.

மறைப்பவர் விஷயத்தில் சட்டைக் கையை இழுத்துவிடும் அந்த ஒரு நெருக்கக் காட்சியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ஏன் மறைக்கிறார் என்பதற்கு உயிர் பயம் என்பதைத் தாண்டி ஒரு காரணம் கொடுங்கள். நம் கதையில் கடிபட்டவன் பேரன். பாட்டிக்கு வங்காளத்தைத் தவிர வேறு மொழி தெரியாது. அவனுக்கு ஓரளவு தமிழ் வந்துவிட்டது. அவன் வாயை மூடினால் அவர் இந்தக் கூட்டத்தில் ஊமையாகிவிடுவார். அதனால் மறைக்கிறான். மாறிக்கொண்டிருக்கும் நேரத்திலும் அவர் சொல்வதை அவன்தான் பெயர்த்துச் சொல்கிறான், சொல்லும் வாக்கியங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. கடியைப் பாட்டி பார்த்துவிடுகிறார். அதை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியவனும் அவன்தான்.

அறிமுகத்தில் கோளாறு என்றால் வட ஆற்காட்டுக் கூத்தைப் போய்ப் பாருங்கள். செய்யாறு அருகே புரிசையில் இன்றும் ஆடுகிறார்கள். வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று தன்னைப் பற்றிப் பாடுவார். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் குறுக்கே புகுந்து நீர் யார், என்ன வேலையாக வந்தீர் என்று கேட்பான். திரை விலகுவதற்கு முன்பே வந்தவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்பது கடைசி வரிசைக் கிழவர்வரை போய்ச் சேர்ந்துவிடும். உங்கள் கதாபாத்திரம் ஒவ்வொன்றும் முதல் காட்சியிலேயே அதே கேள்விக்குப் பதில் சொல்கிறதா? லாட்ஜ் வரவேற்பு மேசை இதற்கென்றே அமைந்த இடம். பெயர், ஊர், வந்த காரியம், எத்தனை நாள் என்று மேலாளர் கேட்டே ஆக வேண்டும்.

கட்டியக்காரனை அப்படியே ஒரு பாத்திரமாகவும் வைத்துக்கொள்ளலாம். நம் கதையின் கூத்துக் கலைஞர் அதுதான். சிரிப்புக்காக ஒருவரைச் சேர்த்து, பிணத்தின் முன்னாலும் ஜோக் சொல்ல வைக்கிறார்களே, அது வேறு. இவர் பார்வையாளர் மனத்தில் ஓடுவதைப் பட்டென்று கேட்பவர்.

கடைசியாக, இறப்பவர்களின் பெயர்களை வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். சிறிய பாத்திரத்திலிருந்து பெரிய பாத்திரத்துக்குப் படிப்படியாக ஏறினால் அதை மாற்றுங்கள். இரண்டாவது முக்கியமானவரை இடைவேளைக்கு முன்பே இழந்துவிடுங்கள். இதற்கு நிறைய மறுஎழுத்து தேவைப்படும், ஆனால் பலன் உண்டு.

இவ்வளவும் செய்த பிறகும் வருத்தம் வரவில்லை என்றால் பழுது பிரதியில் இல்லாமல் நடிகர் தேர்வில் இருக்கலாம். நாடகம் பயிற்றுவிக்கும் ஒருவரை அழைத்து ஒரு நாள் ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். நண்பன் என்பதற்காக ஒருவருக்கு வேடம் கொடுத்திருந்தால், அதை எடுத்துச் சொல்லவும் அவரே பொருத்தமானவர்.

அறிகுறி: விதி ஆளுக்கு ஆள் மாறுகிறது

தெருவில் போகிற ஆள் கடிபட்ட பத்தாவது நொடியில் எழுந்து ஓடுகிறார். நாயகனின் அம்மா கடிபட்டு இருபது நிமிடம் அறிவுரை சொல்கிறார். பார்வையாளர் சிரிக்கும் இடம் இது.

ஒரு தாளில் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எப்படித் தொற்றுகிறது? எவ்வளவு நேரத்தில் மாறுகிறார்கள்? நடக்கிறார்களா, ஓடுகிறார்களா? எதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள்? எதனால் நிற்கிறார்கள்? பிறகு பிரதியில் வரும் ஒவ்வொரு கடியையும் பக்க எண், உடலில் கடித்த இடம், மாறிய நேரம் என்று குறித்து ஒப்பிடுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று எண்களை மாற்றினாலே சரியாகிவிடும்.

அம்மாவின் இருபது நிமிடத்தை விட மனமில்லையா? உண்மையான ஒரு நோயிடம் கடன் வாங்குங்கள். வெறிநாய்க்கடியில் வைரஸ் நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது. கடி தலைக்கு அருகே இருந்தால் நோய் சீக்கிரம் வெளிப்படும், காலில் என்றால் தாமதமாகும். நிஜத்தில் அது வழக்கமாக இரண்டு மூன்று மாதக் கணக்கு. உங்கள் கதையில் அதை நிமிடக் கணக்காகச் சுருக்கிக்கொள்ளுங்கள். கழுத்தில் கடித்தால் உடனே, கணுக்காலில் கடித்தால் விடியும்வரை. செவிலியர் இதைக் கவனித்து ஒரே வரியில் சொல்லட்டும். அதன் பிறகு யாராவது கடிபட்டால் எல்லோருடைய கண்ணும் கடித்த இடத்துக்கே போகும். உங்களுக்குக் கிடைத்த இலவசப் பதற்றம் அது. நாய் கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்பது நிஜ மருத்துவ அறிவுரை. செவிலியர் பேரனின் கணுக்காலை அப்படிக் கழுவும் காட்சியை நான் வெட்டச் சொல்லமாட்டேன்.

விதி என்பது தடையாக மட்டும் இருந்தால் வீண். தப்பிக்கும் வழியும் அதிலிருந்தே வர வேண்டும். 2016இல் வந்த கொரிய ரயில் படத்தில் தொற்றியவர்களுக்கு இருட்டில் கண் தெரியாது என்று ஒரு விதி. சுரங்கப் பாதை வரும்போதெல்லாம் உயிரோடிருப்பவர்கள் பெட்டி மாறுகிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் காட்பாடியில் கிளம்பும் ரயில் என்று கதை எழுதி வருபவர்கள் விதியை விட்டுவிட்டு ரயிலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

மருத்துவச் சந்தேகம் பிரதியின் மையத்தில் இருந்தால் மருத்துவர் ஒருவரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். வேலூரில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் விடுவது சோம்பல்.

அறிகுறி: இடைவேளைக்குப் பின் படுத்துவிடுகிறது

முதல் சோதனை: இடைவேளையை எங்கே வைத்திருக்கிறீர்கள்? பெரிய தாக்குதல் முடிந்து எல்லோரும் மூச்சு வாங்கும் இடத்தில் என்றால், நான்கு பக்கம் முன்னே தள்ளித் தாக்குதல் பாதியில் இருக்கும்போது நிறுத்துங்கள்.

இரண்டாவது: ஒவ்வொரு தாக்குதலுக்கும் பக்கத்தில் அதில் என்ன போனது என்று எழுதுங்கள். ஒரு கதவு, ஓர் ஆள், ஒரு பொருள், ஒரு நம்பிக்கை, ஏதாவது ஒன்று. எதுவும் எழுத முடியாத தாக்குதலை நீக்குங்கள். சண்டைக் காட்சி எடுத்துவிட்டோமே என்று மனம் அடித்துக்கொள்ளும். எடுத்தது செலவு கணக்கில் போகட்டும்.

மூன்றாவது கொஞ்சம் கடினம். முதல் பாதியின் கேள்வியும் இரண்டாம் பாதியின் கேள்வியும் ஒன்றாகவே இருக்கின்றனவா? "வெளியே என்ன நடக்கிறது?" என்று தொடங்கியது இடைவேளையில் "நம்மில் யார்?" என்று மாற வேண்டும். லாட்ஜ் கதையில் பேரேட்டைப் புரட்டிய மேலாளருக்கு இருபத்து மூன்றாம் அறையில் ஒருவர் இன்னும் வெளியே வரவில்லை என்று தெரிகிறது. இடைவேளை.

அதற்கும் மசியாவிட்டால் இடம் மாறவில்லை என்று பொருள். ஒரு வரைபடம் போட்டு உங்கள் ஆட்கள் போகும் வழியைச் சிவப்பு மையால் வரையுங்கள். வேலூர் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்த ஊர். லாட்ஜிலிருந்து கிளம்பியவர்கள் முதலில் கோட்டைக்குத்தான் ஓடுவார்கள். கருங்கல் மதில், சுற்றிலும் அகழி. இதைவிடப் பாதுகாப்பான இடம் வேறு எங்கே என்று ஆட்டோக்காரர் கேட்பார். கூத்துக் கலைஞருக்கு ஊர்ச் சரித்திரம் தெரியும். 1806 ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் இதே கோட்டையைக் கைப்பற்றினார்கள். அன்று பகலுக்குள் ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை பீரங்கியால் வாயிலைத் தகர்த்துக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டது. வெளியே போக வழி இல்லாத கோட்டை உள்ளே இருப்பவர்களுக்குச் சிறை என்று அவர் சொல்லும்போது வாயிலில் முதல் உடல் மோதுகிறது.

அங்கிருந்து பாலாறு. வருடத்தின் பெரும்பகுதி வெறும் மணல்தானே, பாலத்தை விட்டுவிட்டு ஆற்றுக்குள் இறங்கி நடந்துவிடலாம் என்பது திட்டம். மறைய ஒரு புதர்கூட இல்லாத வெளி, எல்லாப் பக்கமும் கண்ணுக்குத் தெரியும். பயத்துக்கு ஏற்ற இடம். இப்போது நவம்பர் மாதத்தின் உபயோகம் வருகிறது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. வேலூரில் மழை பெய்யத் தேவையில்லை, ஆந்திர எல்லைக்கு அப்பால் கொட்டினால் போதும். லாட்ஜ் வரவேற்பறைத் தொலைக்காட்சியின் ஓரத்தில் மழைச் செய்தி ஒன்று ஓடுவதை எட்டாம் பக்கத்தில் வைத்துவிட்டீர்கள் என்றால், எண்பதாம் பக்கத்தில் ஆற்று மணலில் காலடி ஈரமாகும்போது யாரும் உங்களை ஏமாற்றுக்காரர் என்று சொல்லமாட்டார்கள்.

நீர் வரும் காட்சியை எப்படி எடுப்பது? உண்மையான வெள்ளத்துக்குள் யாரையும் இறக்காதீர்கள், அதற்கு விவாதமே வேண்டாம். கணுக்கால் அளவு நீர், இருட்டு, சத்தம், மீதியை கிராபிக்ஸ் தெரிந்தவரிடம் விடுங்கள். எழுதும்போதே அவரைக் கூப்பிட்டு எத்தனை காட்சித் துண்டுகள் முடியும் என்று கேட்டுக்கொண்டு எழுதினால் பணம் மிஞ்சும்.

அறிகுறி: "ஏன் யாரும் போன் செய்யவில்லை?" என்று கேட்கிறார்கள்

செய்ய வையுங்கள். 108க்கு அடிக்கட்டும், மணி போய்க்கொண்டே இருக்கட்டும், ஒரு முறை எடுத்தவர் பேசாமல் மூச்சு மட்டும் விடட்டும். சிக்னல் இல்லை என்று ஒரு வரியில் தப்பிப்பது வேலூர் நகருக்குள் எடுபடாது. முட்டாள்தனமாகத் தோன்றும் எந்த முடிவுக்கும் இதே மருந்துதான்: பார்வையாளர் யோசிக்கும் புத்திசாலியான வழியைப் பாத்திரங்கள் முதலில் முயன்று தோற்க வேண்டும். கூத்துக் கலைஞரின் வாயில் கேள்வியை வைத்தால் இன்னும் நல்லது.

அறிகுறி: வேலூர் என்று எழுதியிருக்கிறது, வேலூராகத் தெரியவில்லை

ஊர்ப் பெயரை அடித்துவிட்டுத் திருச்சி என்று போட்டுப் படியுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் பழுது உறுதி.

கோட்டையை ஒரு முறையும் பிரியாணியை ஒரு முறையும் காட்டுவதால் இது தீராது. ஊரின் பழக்கம் கதையைத் திருப்ப வேண்டும். வெளியூர் நோயாளிகள், அவர்களுக்காக வங்காளத்தில் எழுதிய கடைப் பலகைகள், ஒரு அடுப்பு ஒரு பாத்திரம் வைத்து அறையிலேயே சமைத்துக்கொள்ளும் குடும்பங்கள் எல்லாம் இங்கே அன்றாடம். அந்த மண்ணெண்ணெய் அடுப்பு பிற்பாடு எதற்குப் பயன்படும் என்று நீங்களே யோசியுங்கள்.

பழைய சொலவடைகளை நம்பி வசனம் எழுதுபவர்கள் கொஞ்சம் விசாரித்துக்கொள்ள வேண்டும். வேலூரைப் பற்றி நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று அடுக்குவார்கள். கோட்டைக் கோயிலின் சாமியான ஜலகண்டேஸ்வரர் 1981லேயே கோயிலுக்குள் திரும்பி வந்துவிட்டார். இந்த ஊர்க்காரர் யாராவது அரங்கில் இருந்தால் அந்த இடத்தில் படம் கை நழுவிவிடும்.

மயானக் கொள்ளையை வைத்துப் பலர் எழுதுகிறார்கள். மகா சிவராத்திரியை ஒட்டிப் பாலாற்றங்கரையில் காளியாகவும் அங்காளம்மனாகவும் வேடமிட்டுக் கூட்டம் திரளும். வேடமிட்டவர் யார், தொற்றியவர் யார் என்று தெரியாத குழப்பம் நல்ல யோசனை, செய்யலாம். சடங்குதான் தொற்றுக்குக் காரணம் என்று எழுதினால் இரண்டு நஷ்டம். வழிபடுகிறவர்களை அவமதிக்கிறீர்கள், கூடவே வைரஸ் விதிகள் அத்தனையும் சாமியாட்டத்தில் கரைந்துபோகும். சிகிச்சைக்கு வந்த வெளிமாநிலத்தவர் கொண்டுவந்த நோய் என்று எழுதுவதும் இதே வகை. அப்படி எழுதப்பட்ட பிரதியை நான் மேற்கொண்டு படிப்பதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவிலிருந்து ஜாம்பி கிளம்புவது இன்னொரு சோம்பல். பாலாறு கெட்டது உண்மையான துயரம். அதை அசுரன் பிறக்கும் குட்டையாக்கினால் உண்மையும் பயமும் சேர்ந்து போய்விடும். முதலாளிக்கும் ஆட்டோக்காரருக்கும் உள்ள பழைய கணக்கில் அந்தத் துயரத்தை வையுங்கள். ஆட்டோக்காரரின் கிராமத்துக் கிணறு ஏன் பாழானது என்று அவர் இரவு முழுவதும் கேட்காமலே இருக்கட்டும்.

அறிகுறி: முடிவு எங்கிருந்தோ வந்து விழுகிறது

ஹெலிகாப்டர், ராணுவம், கடைசி நிமிடத் தடுப்பூசி, "எல்லாம் கனவு". இவை நான்கில் ஒன்று இருந்தால் அடித்துவிட்டு, அதற்கு முந்தைய காட்சியிலேயே படம் முடிகிறதா என்று பாருங்கள். பல சமயம் அங்கேயே முடிந்திருக்கும்.

முடியவில்லை என்றால் முதல் பத்துப் பக்கங்களுக்குப் போங்கள். அங்கே போட்ட முடிச்சு என்ன? பாரதக் கூத்தில் பதினெட்டாம் போர் முடிவில் என்ன நடக்கும் என்று தெரியாதவர் ஊரில் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் துரியோதனன் வீழும் படுகளத்தன்று கூட்டம் நெரியும். பாஞ்சாலி கூந்தலை முடியாமல் விரித்துப் போட்ட அன்றே அந்த நாளுக்குக் காத்திருப்பு தொடங்கிவிட்டது. உங்கள் கதையில் அப்படி ஒரு சபதமோ, மறுப்போ, கடனோ இருக்க வேண்டும். லாட்ஜ் கதையில் வாடகை பாக்கிக்காக மூதாட்டியை வெளியேற்றப் பார்த்தவர் மேலாளர். கடைசியில் பாலத்தின் காட்பாடி முனையில் தடுப்பு வைத்திருக்கிறார்கள். பெயர், ஊர், அடையாள அட்டை கேட்கிறார்கள். மூதாட்டியிடம் எதுவும் இல்லை, பேசித் தர பேரனும் இல்லை. மேலாளர் மடியிலிருந்து பேரேட்டை எடுத்து அவர் பெயரைப் படிக்கிறார். தடுப்பில் நிற்பவர் அதை ஏற்பாரா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். ரொமேரோ தன் படத்தில் இரவு முழுவதும் தப்பிப் பிழைத்தவனை, மீட்க வந்தவர்களின் துப்பாக்கிக்கே பலி கொடுத்தார்.

முடிச்சே இல்லை என்றால் கதாநாயகரைத் தவறாகத் தேர்ந்திருக்கிறீர்கள். அதிகம் இழக்கப் போகிறவர் யார் என்று பார்த்து அவர் பக்கம் கதையைத் திருப்ப வேண்டும். இந்த வழிமுறையில் உள்ள வேலைகளில் மிகவும் விலை கூடியது இதுவே. படப்பிடிப்பு முடிந்த பிறகு தெரிந்தால் பாதிப் படம் வீண். எடுத்துவிட்டவர்கள் தாங்களே வெட்டி ஒட்ட வேண்டாம். கதையைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு படத்தொகுப்பாளரிடம் மொத்தக் காட்சிகளையும் கொடுத்து, இதில் யார் கதை இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

அறிகுறி: பிரதி நன்றாக இருக்கிறது, எடுக்க முடியவில்லை

"இருநூறு ஜாம்பிகள் ஓடி வருகிறார்கள்" என்ற வரியை முதலில் தேடுங்கள். இழுத்து மூடிய ஷட்டருக்கு வெளியே இருநூறு கைகள் தட்டும் ஓசை போதும், ஷட்டர் உள்நோக்கி வளைந்தால் போதும். அதற்கு ஆறு நண்பர்களும் ஒரு நல்ல ஒலிப்பதிவும் தேவை. மைக்கில் மிச்சம் பிடித்து ஒப்பனையில் கொட்டுவதை நிறுத்துங்கள்.

ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகு, சிவப்பு உணவு நிறம், துளி கோகோ தூள் சரியாக வரும். எறும்பும் ஈயும் மொய்க்கும், துடைக்க ஈரத்துணி வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வேலூர்ப் பகலில் ஒட்டு ஒப்பனை வழிந்து இறங்கிவிடும். பிணம் வியர்த்தால் யாரும் பயப்படமாட்டார்கள். இரவுக்கு மாற்றுங்கள், அல்லது அறைக்குள் எடுங்கள்.

இவற்றுக்குக் கட்டாயம் வெளியாள் வேண்டும்: மாடிப்படியில் விழுதல், ஓடும் ஆட்டோ, நெருப்பு என்றால் சண்டைப் பயிற்சியாளர். வெள்ளை விழி லென்ஸ் என்றால் கண் மருத்துவர் அளந்து கொடுத்ததை மட்டும், ஒருவருடையதை இன்னொருவர் போடாமல். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் கேமராவை விரிக்க முடியாது. ரயில் நிலையத்துக்கு ரயில்வேயின் அனுமதி தனி. இரண்டுக்கும் நாளாகும் என்பதால் பிரதியின் இரண்டாம் வடிவம் முடிந்த வாரமே மனு கொடுங்கள். அனுமதி வராமல் போனால் கோட்டைக் காட்சியை அகழிக்கு வெளியே நின்று மதிலைப் பார்க்கும் காட்சியாக மாற்றி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைப் பக்கத்துத் தெருவில் இரவில் ரத்தம் பூசிய ஆட்களை ஓட விடுவதாக இருந்தால், அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, தெருவின் இரு முனையிலும் பலகை வைத்து ஆள் நிறுத்துங்கள். அங்கே நடந்துபோகிறவர்களில் பாதிப் பேர் உண்மையான நோயாளிக்கு மருந்து வாங்கப் போகிறவர்கள்.